தரையில் உட்கார்ந்து கேட்ட கேள்வி

தென்காசி
9 ஜூன் 2025

ஜெமி அப்பாவுக்கு,

நீங்கள் போனை எடுப்பதில்லை. எடுத்திருந்தாலும் நான் ஒழுங்காகப் பேசியிருப்பேனா என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் யாரிடம் போனில் பேசினாலும், எங்கே இருக்கிறீர்கள், கூட யார், எப்போது வந்தீர்கள் என்று விசாரணைதான் வாயில் வருகிறது. அதனால் எழுதுகிறேன். நான் போலீஸ் பயிற்சியில் இருந்த காலத்தில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்று ஆலங்குளத்திலிருந்து நீங்கள் கடிதம் போடுவீர்களே, அதற்குப் பிறகு நமக்குள் கடிதம் இதுதான்.

எழுதிய தாள் ஒன்றைக் கிழித்துப் போட்டேன். "சம்பவ நாளன்று மதியம் நான் பணி முடித்து வீடு திரும்பியபோது" என்று அது தொடங்கியது. மகளிர் ஸ்டேஷன் ஏட்டு எழுதியது போல இருந்தது. உங்கள் மனைவி எழுதியது போல இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிவகிரியில் பந்தோபஸ்து முடிந்து வந்தேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பகலில் நம் வீட்டுக் கதவு தாழ் போட்டு நான் பார்த்ததில்லை. தட்டினேன். திறக்கக் கொஞ்சம் நேரமானது. ஜெமி துண்டைச் சுற்றிக்கொண்டு ஈரத்தலையோடு உங்கள் பின்னால் நின்றாள்.

"ஏன் தாழ் போட்டிருக்கீங்க?" என்றேன்.

"ஜாஹிரா அக்கா வீட்டு ஆடு உள்ள வந்து நோட்டு அட்டையைத் தின்னுட்டுப் போவுது. இவ வேற பசையை மேலெல்லாம் அப்பிக்கிட்டா. குளிக்க வச்சேன்" என்று சிரித்தீர்கள்.

பக்கத்து வீட்டில் பக்ரீத்துக்கு வாங்கிய ஆடு. அது எனக்கும் தெரியும். மறுநாள் பள்ளிக்கூடம் திறக்கிறது என்று நீங்கள் அட்டை போட்டுக்கொண்டிருந்த நோட்டுகளையும், பாதி மென்று கிடந்த பழுப்புத்தாளையும் பார்த்தேன். எல்லாம் கண்ணில் பட்டது. எதுவும் மண்டையில் ஏறவில்லை.

உங்களைத் தயிர் வாங்க அனுப்பினேன். வீட்டில் தயிர் இருந்தது.

நீங்கள் போனதும் ஜெமியிடம் கேட்டேன். அப்பா உன்னிடம் தவறாக நடந்துகொள்வாரா என்று கேட்டேன். இப்போது எழுதக் கை கூசுகிறது. அன்றைக்கு வாய் கூசவில்லை. அவள் இல்லை என்றாள். அவ்வளவுதான் நடந்தது. நான் இருக்கிற வேலையில் இருந்தால் எந்தத் தாயும் கேட்டுத்தான் இருப்பாள்.

வியாழக்கிழமை காலையில் நீங்கள் பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். லாட்ஜில் சீசன் வேலை, அப்பா குற்றாலத்திலேயே தங்குகிறார் என்று ஜெமியிடம் சொல்லி வைத்திருக்கிறேன். "பஸ் ஏறினா உடனே வந்துருதுல்லாம்மா, அப்பா ஏன் வர மாட்டேங்காவ?" என்று கேட்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வரும் வரை ஜாஹிரா பீவி அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். சாப்பிடுகிறாள்.

வாருங்கள்.

எப்சிபா


குற்றாலம்
15 ஜூன் 2025

எப்சிபா,

கடிதம் வந்தது. கடிதத்தில் குறுக்கே கேள்வி கேட்க முடியாது என்பதால் இதுவே எனக்கும் வசதி.

மன்னித்துக்கொள் என்று எங்காவது எழுதியிருக்கிறாயா என்று தேடினேன். "எந்தத் தாயும் கேட்டுத்தான் இருப்பாள்" என்ற வரிதான் இருந்தது. "அவ்வளவுதான் நடந்தது" என்றும் எழுதியிருக்கிறாய். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலையில் ஜெமிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன். நீ சமையற்கட்டில் இருந்தாய். காலைப் பிடித்ததும் அவள் இழுத்துக்கொண்டாள்.

"அப்பா, ஷூ மட்டும்னா தொடலாம்லா?" என்றாள்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. "யாருட்டி தொடக் கூடாதுன்னு சொன்னா?" என்றேன்.

"அம்மா கேட்டாவ. திரும்பத் திரும்பக் கேட்டாவ. நான் இல்லன்னுதான்பா சொன்னேன். சரியாத்தானே சொன்னேன்?"

இரண்டாம் வகுப்புப் பிள்ளை, அவள் அப்பனைக் காப்பாற்றிவிட்டதாக நினைத்து என் முகத்தைப் பார்க்கிறாள். லேஸைக் கட்டி முடிக்கவில்லை. எழுந்துவிட்டேன். பையில் என்னத்தை எடுத்துப் போட்டேன் என்று இங்கே வந்துதான் பார்த்தேன். சட்டையெல்லாம் இருந்தது, ஒரு வேட்டி இல்லை.

லாட்ஜ் ஆபீசுக்குப் பின்னால் உள்ள அறையில் இருக்கிறேன். மேனேஜரான நான் ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்று முதலாளி கேட்கவில்லை. சீசனுக்கு ஆள் கூட இருந்தால் அவருக்கு லாபம்.

நேற்று நடந்ததையும் கேள். அருவியில் குளித்துவிட்டு ஒரு குடும்பம் மாடிக்கு ஏறியது. எண்ணெய்க் காலோடு ஏறிய சின்னப் பெண் படியில் வழுக்கி என் முன்னால் விழுந்தாள். முட்டியில் ரத்தம். கையை நீட்டி அழுகிறாள். நான் குனியவில்லை, எப்சிபா. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இந்தப் பிள்ளையோட அம்மா யாரு, கொஞ்சம் வாங்க" என்று கூப்பிட்டுக்கொண்டு நின்றேன். அவள் அப்பா ஓடி வந்து தூக்கிக்கொண்டு, "பிள்ளை விழுந்து கிடக்கு, பாத்துக்கிட்டு நிக்கியளே, நீங்கள்லாம் பிள்ளை பெத்தவருதானா?" என்று கேட்டார்.

உன் வேலை கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியும். அதை விளக்கி எழுத வேண்டாம். ஒன்றே ஒன்றுக்குப் பதில் எழுது. நீ நம்பினாயா? என்னைப் பற்றி அப்படி ஒரு நிமிஷமாவது நம்பினாயா?

பெலிக்ஸ்


தென்காசி
23 ஜூன் 2025

ஜெமி அப்பாவுக்கு,

நம்பினேன்.

கதவைத் தட்டியதிலிருந்து அவள் அழத் தொடங்கும் வரை நம்பினேன். இல்லை என்று எழுதலாமா என்று இவ்வளவு நாள் யோசித்தேன். எழுதினால் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்றுகூடத் தோன்றியது. ஆனால் நாளெல்லாம் பொய் சொல்கிற ஆட்களோடு உட்கார்ந்திருக்கிறேன். உங்களிடமும் ஒன்று சொல்ல மனம் வரவில்லை.

என்னை மன்னித்துவிடுங்கள். முதல் கடிதத்திலேயே இதை எழுதியிருக்க வேண்டும். "அவ்வளவுதான்" என்று நான் எழுதியது பொய். நடந்ததை முழுதாகச் சொல்கிறேன்.

ஸ்டேஷனில் சின்னப் பிள்ளைகளிடம் பேசும்போது யூனிபார்மில் இருக்க மாட்டோம். நாற்காலியில் உட்கார மாட்டோம். பிள்ளையின் கண்ணுக்கு நேராக நம் கண் இருக்க வேண்டும் என்று தரையில் உட்காருவோம். அன்றைக்கு நான் சேலை மாற்றிக்கொண்டு வந்து ஜெமிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. "ஏம்மா கீழ உக்காந்திருக்க? விளையாடப் போறோமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம். பயந்துபோன பிள்ளை நாம் எதை எதிர்பார்க்கிறோமோ அதைச் சொல்லிவிடும். எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். இல்லை என்றாள், நம்பவில்லை. வேறு மாதிரி கேட்டேன். அவள் உதடு பிதுங்கியது. "நான் என்னம்மா சொல்லணும்?" என்று கேட்டு அழுதாள்.

அப்போதுதான் எனக்குத் தன்னுணர்வு வந்தது. அள்ளி மடியில் போட்டுக்கொண்டேன். அப்புறம் ஒன்று சொன்னேன். "அப்பாட்ட இதைச் சொல்லாத கண்ணு, இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றேன். எத்தனை பிள்ளைகள் இந்த வாக்கியத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். கெடுத்தவன் கடைசியில் சொல்லிவிட்டுப் போகிற வாக்கியம் அது. என் வாயிலிருந்து வந்தது.

விளக்கி எழுத வேண்டாம் என்றீர்கள். ஆனாலும் ஒரு விஷயத்தை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பெயரும் ஊரும் எழுதக் கூடாது.

போன ஐப்பசி மழையில் ஒரு பெண் ஸ்டேஷனுக்கு வந்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா கோர்ட்டுக்குப் போயிருந்தார்கள், நான்தான் இருந்தேன். மகள் சரியாகப் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை, என் வீட்டுக்காரர் மேலேயே சந்தேகமாக இருக்கிறது என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த ஆள் குடையோடு வாசலில் வந்து நின்றான். கோபப்படவில்லை. "நனைஞ்சுட்டே வந்துட்டா மேடம், காய்ச்சக்காரி" என்றான். அவளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தான். நான் அவளிடம், "நல்லா யோசிச்சிட்டு வாங்கக்கா. சும்மா சந்தேகத்துல ஒரு குடும்பம் போயிரும்" என்றேன். ஒரே குடையில் இரண்டு பேரும் போனார்கள்.

பொங்கல் கழிந்து அந்தப் பிள்ளையை அவள் டீச்சர் கூட்டிக்கொண்டு வந்தார். ஜெமியைவிட ஒரு வயது பெரியவள். அவள் சொன்னதை எழுதியவள் நான். என்ன சொன்னாள் என்று எழுத மாட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். எப்போதிலிருந்து அதிகமானது என்று கேட்டதற்கு, "எங்கம்மா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வந்தாங்கல்ல, அதுக்குப் பொறவு" என்றாள். அதையும் என் கையால்தான் எழுதினேன்.

அதிலிருந்து பஸ்ஸில் ஒரு ஆள் தன் பிள்ளைக்கு வாய் துடைத்துவிட்டால்கூட அவர்கள் இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் ஜெமியைத் தோளில் தூக்கினால் ஏதாவது வேலை சொல்லி இறக்கிவிட வைப்பேன். அவளுக்கு நீங்கள் தலை துவட்டினால் துண்டை வாங்கிக்கொள்வேன். நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை.

ஒருவனை நம்பினேன், ஒரு பிள்ளை அழிந்தது. உங்களை நம்பவில்லை, நம் வீடு இப்படி ஆனது. இனி எதை வைத்து ஒரு மனிதனை எடைபோடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

எப்சிபா


குற்றாலம்
6 ஜூலை 2025

எப்சி,

பதில் எழுதத் தாமதம். சீசன் நன்றாக இருக்கிறது, சாரல் நிற்கவே இல்லை, அறை காலியாவதும் நிறைவதுமாக இருக்கிறது என்று காரணம் சொல்லலாம். உண்மை அதுவல்ல.

நீ ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டாய்.

அந்த ஐப்பசி மழை நாளில் நீ வீட்டுக்கு வந்தாய். நான் தோசை சுட்டுக்கொண்டிருந்தேன். தட்டை வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாய். ஒரு பொம்பளையைத் திருப்பி அனுப்பிவிட்டேன், மனசு சரியில்லை, காலையில் அந்த வீட்டுப் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்று என்னிடம் கேட்டாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். எனக்கு உன் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போதுதான் நினைவு வந்தது. "போலீஸ்காரி வாசல்ல போய் நின்னா, அந்தாளு நாளைக்கு ஊருக்குள்ள எப்படித் தலை நிமிந்து நடப்பான்? புருசன் பொண்டாட்டி சண்டையா இருக்கும். விட்டுத் தள்ளு, தோசை ஆறுது" என்றேன்.

நீ போகவில்லை.

தையில் ஒரு நாள் நீ வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, "ஏங்க, அந்தப் பொம்பள..." என்று ஆரம்பித்தாய். ஜெமி பக்கத்தில் படம் வரைந்துகொண்டிருந்தாள். "ஸ்டேஷனை வாசலோட கழட்டி வச்சிட்டு வா, பிள்ளை இருக்கால்லா" என்று சொன்னேன். அதோடு நீ எதுவும் சொல்வதை நிறுத்தினாய். வீடு அமைதியாக இருந்தது. நான் அதை நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருத்தன் சட்டை என்ன நிறம் என்று ஆறு மாதம் கழித்தும் சொல்லுகிறவள் நீ. இதை மறந்திருக்க மாட்டாய். எனக்காக விட்டிருக்கிறாய். "உங்களாலும்தான் அந்தப் பிள்ளை" என்று நீ எழுதியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும், சுலபமாக இருந்திருக்கும். நீ எழுதவில்லை. அதனால் ஒரு வாரமாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

போன வாரம் ஒருவர் மகளோடு அறை கேட்டு வந்தார். அம்மா இல்லை. அந்தப் பிள்ளை அவர் கையை விடாமல் பிடித்திருந்தது. நான் ஆதார் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தேன். "அம்மா வரலியாம்மா?" என்று பிள்ளையிடம் கேட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது. "அவ இறந்துட்டா சார், திதி கொடுக்க வந்தோம்" என்றார். சாவியைக் கொடுத்தேன். என் முகம் அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். உன் முகம் அன்றைக்கு எனக்குத் தெரிந்தது போலத்தான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணிக்கொள்ளாதே. நம்பினேன் என்று நீ எழுதிய சொல்லைப் படிக்காதது போல இருக்க எனக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குத் தென்காசி வந்தேன். எதிர்க்கடையில் நின்றேன். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியிருந்தாள். ஜாஹிரா அக்கா வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். கூப்பிடவில்லை.

மங்குஸ்தான் வரத் தொடங்கியிருக்கிறது. இங்கே உள்ள ஸ்டேஷன் கான்ஸ்டபிள் இசக்கிராஜா தென்காசி வருகிறான், அவனிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவளுக்குத் தோலை உரிக்கத் தெரியாது, சாறு சட்டையில் பட்டால் கறை போகாது. பார்த்துக்கொள்.

பெலிக்ஸ்


தென்காசி
17 ஜூலை 2025

ஜெமி அப்பாவுக்கு,

பழம் வந்தது. ஜாஹிரா அக்காவுக்கும் கொடுத்தேன்.

நான் விட்டதை நீங்கள் எடுத்து எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தோசை நாளை நினைத்து நீங்கள் வருந்த வேண்டாம் என்று எழுத நினைத்தேன். ஆனால் அப்படி எழுதுவதும் ஒரு மாதிரி உங்களை ஒதுக்குவதுதான். அதனால் எழுதவில்லை. இரண்டு பேருமாகத்தான் சுமக்க வேண்டும் போல.

ஜெமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓட்டப்பந்தயத்தில் கால் இடறி விழப்போனவளை உமாசங்கர் சார் பிடித்துத் தூக்கியிருக்கிறார். இவள் ஊரைக் கூட்டிக் கத்தியிருக்கிறாள். "எங்கம்மா போலீஸ், நான் சொல்லிருவேன்" என்றிருக்கிறாள். நான் போனபோது அவர் மற்ற டீச்சர்கள் நடுவே, ரிட்டையர் ஆகப்போகிற வயதில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் யூனிபார்மில் போயிருந்தேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "கீழ விழுந்துருவான்னுதாம்மா புடிச்சேன்" என்றார். எல்லார் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். சரிம்மா, சரிம்மா என்றார். இனி அவர் எந்தப் பிள்ளையையும் பிடிக்க மாட்டார்.

வரும் வழியில் ஜெமி, "நான் சரியாத்தானேம்மா செஞ்சேன்?" என்று கேட்டாள். உங்களிடம் கேட்ட அதே கேள்வி.

மறுநாள் இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எங்க அண்ணன் மவன் எங்க வீட்டுக்கு வந்தா எம் பிள்ளையை நான் தனியா விடுததில்லை. பல வருசமாச்சு. தங்கமான பையன். அவனுக்கு ஏன்னு தெரியாது. எங்க அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைக்கேன், இப்ப வரப்போக இல்லை" என்றார்கள். பிறகு பாளையங்கோட்டையில் ஒரு மனநல டாக்டரின் நம்பரை எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் அங்கே போனதில்லையாம். "நீயாவது போ" என்றார்கள்.

போனேன். நிறையப் பேசவில்லை. இந்த விஷயங்களை வீட்டில் யாரிடம் சொல்வீர்கள் என்று கேட்டார். யாரிடமும் இல்லை என்றேன். அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார், போவேன். ஜெமியையும் கூட்டிவரச் சொன்னார்.

அந்த வழக்கு கோர்ட்டில் நடக்கிறது. திங்கட்கிழமை என் சாட்சி. எதிர்த்தரப்பு வக்கீல் கெட்டிக்காரர். ஐப்பசியில் அந்த அம்மா வந்ததைப் பற்றிக் கேட்பார் என்று எங்கள் பக்கம் வக்கீலுக்குப் பயம். சரியாக நினைவில்லை என்று சொல்லிவிடும்படி இங்கே ஒருவர் யோசனை சொன்னார். நினைவிருக்கிறது என்றுதான் சொல்லப்போகிறேன். அதன் பிறகு வேலையில் எனக்கு என்ன வரும் என்று தெரியாது. முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெமியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவளை உங்கள் அறையில் விட்டுவிட்டு நான் கீழே கடைப்பக்கம் போய்விடுகிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமோ இருங்கள். வேண்டாம் என்றால் எழுதுங்கள்.

எப்சிபா


குற்றாலம்
22 ஜூலை 2025

எப்சி,

கூட்டிக்கொண்டு வா.

அவளோடு தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல முடியாது, உன்னிடம்தான் சொல்ல முடிகிறது. ஆனாலும் நீ சொன்னபடி கீழேயே இரு. நீ அறையில் உட்கார்ந்திருந்தால் நான் தேர்வு எழுதுகிற மாதிரி ஆகிவிடும்.

நேற்றுக் கோர்ட்டில் என்ன ஆயிற்று?

பெலிக்ஸ்


தென்காசி
28 ஜூலை 2025

ஜெமி அப்பாவுக்கு,

நேற்று நம்மால் எதுவும் பேச முடியவில்லை. எழுதிவிடுகிறேன்.

கோர்ட்டில் கேட்டார்கள். அந்த அம்மா முதலில் வந்தபோது புகாரை வாங்காமல் திருப்பி அனுப்பியது நான்தான், என் தவறு என்று சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீலே ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதால் வழக்கு கெடவில்லை, அவள் முன்பே வந்ததற்கு அதுவே சாட்சி ஆயிற்று என்று எங்கள் வக்கீல் சொல்கிறார். தீர்ப்பு இன்னும் வரவில்லை. மேலே இருந்து என்னிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வெளியே வந்தபோது அந்த அம்மா மரத்தடியில் நின்றாள். பக்கத்தில் போனேன். "அன்னைக்கு நீங்க ஒரு வார்த்தை நம்பியிருந்தா போதும்மா" என்றாள். கத்தவில்லை. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். இனி என்னை யார் மன்னித்தாலும் அவள் மன்னிக்க வேண்டியதில்லை.

இப்போது நேற்று நடந்தது.

கீழே கடையில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு இறங்கினேன். நேந்திரங்காய் சிப்ஸ் கடை வரை போனேன். வாங்க வேண்டியது எதுவுமில்லை. கால் நிற்கவில்லை. திரும்பி வந்து படியேறினேன். வராந்தா ஜன்னல் பாதி திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன்.

நீங்கள் கட்டிலின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தீர்கள். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்தியிருந்தீர்கள். ஜெமி மறு ஓரத்தில் சம்மணம் போட்டுத் தமிழ்ப் பாடம் வாசித்துக்கொண்டிருந்தாள். எழுத்துக்கூட்டித் திணறினால் நீங்கள் குனிந்து பார்க்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லிக் கொடுத்தீர்கள். ஸ்டேஷனுக்கு முதல் முறை கூட்டி வரப்படுகிற ஆட்கள் அப்படித்தான் கையை ஒடுக்கிக்கொண்டு உட்காருவார்கள். உங்களை அப்படி உட்கார வைத்தவள் நான்.

என்னைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. பார்க்கவில்லை என்றால் சொல்லாமலே இருந்திருக்கலாம். ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்தான் வாக்குக் கொடுத்தேன், நான்தான் மீறினேன். உங்களைச் சந்தேகப்பட்டு ஏறி வந்தேனா, ஆசைப்பட்டு ஏறி வந்தேனா என்று ராத்திரியெல்லாம் என்னையே கேட்டேன். இரண்டும் இருந்தது. முன்னது குறைவு. இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

பஸ்ஸில் வரும்போது ஜெமி, "அப்பா நல்லாச் சொல்லிக் குடுக்காவம்மா, ஆனா தூரமா உக்காந்திருக்காவ" என்றாள்.

இனி உங்களை வாருங்கள் என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

எப்சிபா


குற்றாலம்
1 ஆகஸ்ட் 2025

எப்சி,

பார்த்தேன். உன் சேலை முந்தானை ஜன்னல் கம்பியில் பட்டதைப் பார்த்தேன். ஜெமி கவனிக்கவில்லை.

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. நீங்கள் கிளம்பியதும் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன். இனி அந்த வீட்டுக்கு நான் போகப்போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டேன். இரண்டு நாள் அந்த முடிவோடுதான் வேலை பார்த்தேன்.

அதன் பிறகு உன் கடிதம் வந்தது. நீயாகவே சொல்லியிருக்கிறாய். நான் பார்த்தேன் என்று தெரியாமலே சொல்லியிருக்கிறாய். மெமோ வரும் என்று தெரிந்தே கோர்ட்டில் சொன்னவள்தானே.

அந்தப் பிள்ளையின் வீட்டை நினைத்துப் பார்த்தேன். நான் பார்த்திராத வீடு. அங்கே அக்கம்பக்கத்தில் நல்லவர்கள் இருந்திருப்பார்கள். ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. எட்டிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன ஒரே ஆளையும் தோசை ஆறுது என்று சொல்லி உட்கார வைத்தவன் நான். அப்படிப்பட்ட நான், என் மகளை எட்டிப் பார்த்த உன் மேல் கோபப்பட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்துகிறேன்.

வலி போகவில்லை. நீ நம்பினாய் என்பது எனக்குள் இருக்கிறது, வீட்டுக்கு வரும்போது அதுவும் கூடத்தான் வரும். என்றைக்காவது உன் மேல் எரிந்து விழுவேன். அப்போது இந்தக் கடிதத்தைக் காட்டி என் வாயை அடைக்கக் கூடாது. டாக்டரிடம் நீ போவதை நிறுத்தக் கூடாது. கூப்பிட்டால் நானும் வருகிறேன்.

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முதலாளியிடம் விடுப்புக் கேட்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் இசக்கிராஜாவிடமே கொடுத்து விடுகிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு வருகிறேன். நீ சமைத்துக்கொண்டிருக்கும்போது ஜெமிக்கு எண்ணெய் தேய்த்துத் தலை சீவிவிடலாம் என்று இருக்கிறேன். அவள் சரி என்றால்தான். முதலில் அவளிடம் கேட்பேன்.

நீ பார்க்க வேண்டும் போல இருந்தால் பார். அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஜன்னல் வழியாக வேண்டாம். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உள்ளே வந்து, எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்.

பெலிக்ஸ்